தலைக்கட்டு வரியில் ஒரு சினிமா

புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளையார்குப்பம் மாதிரி ஓர் ஊரில் நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து சொந்தமாகப் படம் எடுக்க முடியுமா? முடியும். அதற்கான வழி இந்த ஊர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான்.

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் திருவிழாவுக்குக் கூத்து வைப்பதென்று முடிவானால் முதல் வேலை ஒரு நோட்டு வாங்குவது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே தெரு வாரியாகப் பெயர்கள். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று ஊர் கூடிப் பேசி வைக்கும். இருப்பவர் கூடுதலாகத் தருவார். இல்லாதவர் அறுப்பு முடிந்ததும் தருவதாகச் சொல்வார், அதுவும் நோட்டில் ஏறும். வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, அழைப்பார்கள். அன்றிரவு கட்டியங்காரன் திரையைத் தாண்டி வந்து நிற்கும்போது, எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் பார்வையாளர்கள் மட்டும் இல்லை. அத்தனை பேரும் அந்தக் கூத்துக்குப் பணம் போட்டவர்கள். சினிமாவின் மொழியில் சொன்னால், எல்லோரும் தயாரிப்பாளர்கள்.

சினிமா எடுக்க ஆசைப்படும் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். தயாரிப்பாளர் கிடைக்கவில்லை என்பதுதான் முதல் வார்த்தையாக வரும். சென்னைக்குப் போக வேண்டும், யாரிடமாவது உதவி இயக்குநராகச் சேர வேண்டும், கதை சொல்லிக் கதை சொல்லிக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே தலை நரைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் விட்டுவந்த ஊரிலோ, ஒரு கலையை ஊரே கூடித் தயாரித்து ஊரே கூடிப் பார்க்கும் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. அந்த நோட்டில் ஒரு சினிமாவையும் எழுத முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. வெறும் ஆசையில் சொல்லவில்லை. எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் ஊராகப் போன உண்டியல்

1984. கோழிக்கோட்டில் சில இளைஞர்கள் இயக்குநர் ஜான் ஆபிரகாமுடன் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். ஐசன்ஸ்டைன் எடுத்த 'பொட்டெம்கின்' படத்தில் வரும் துறைமுக நகரத்தை நினைத்து அதற்கு ஒடேசா என்று பெயர் வைத்தார்கள். ஜான் தமிழுக்குப் புதியவர் இல்லை. வெங்கட் சாமிநாதன் எழுத்தில், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனைப் பேராசிரியராக நடிக்கவைத்து அவர் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. விருது வந்தும், படம் மக்களிடம் போய்ச் சேர வழி இல்லாமல் நின்றது. அந்த அனுபவம் அவரை வேறு திசையில் யோசிக்கவைத்திருக்க வேண்டும்.

ஒடேசா குழுவினர் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களை மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். காட்சி முடிந்ததும், 'நாங்களும் ஒரு படம் எடுக்கப்போகிறோம், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். சில்லறையும் நோட்டுமாகச் சேர்ந்த அந்தப் பணத்தில் 1986-ல் உருவானது 'அம்ம அறியான்'. முடிந்த படத்தை மறுபடியும் அதே மக்களிடம் எடுத்துப் போய்த் திரையிட்டார்கள்.

படத்தின் கதையைக் கவனியுங்கள். வயநாட்டிலிருந்து கிளம்பும் ஓர் இளைஞன் வழியில் தூக்கில் தொங்கிய ஒருவனின் உடலைப் பார்க்கிறான். இறந்தவனின் அம்மாவுக்குச் சேதி சொல்ல கொச்சி வரை போகிறான். போகிற வழியெல்லாம் இறந்தவனின் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். தாயின் முன்னால் போய் நிற்கும்போது அது ஒரு பெருங்கூட்டம். படம் எடுத்த விதமும் அதேதான். வழியெல்லாம் ஆள் சேர்ந்துகொண்டே போன படம் அது.

ஜான் 1987 மே மாத இறுதியில், ஐம்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். அதற்குப் பிறகு 'அம்ம அறியான்' அளவுக்குப் பெரிய படம் ஒடேசாவிலிருந்து வரவில்லை. குழுவாகச் சினிமா எடுக்கக் கிளம்புகிறவர்கள் இதையும் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே தோளில் பாரம் முழுவதையும் ஏற்றிவிட்டால், அந்தத் தோள் சாயும்போது எல்லாம் சாய்ந்துவிடும்.

தமிழிலும் இதற்கு முன்னோடி உண்டு. ஜெயபாரதி பொதுமக்களிடம் பணம் திரட்டி 1979-ல் 'குடிசை'யை எடுத்தார். கூட்டு நிதி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது இது.

புதுச்சேரி கொடுத்த முகங்கள்

இங்கே நடிக்க ஆள் ஏது என்று கேட்பவர்களுக்குப் பதில் புதுச்சேரியிலேயே இருக்கிறது.

தமிழ் நாடகத்தின் தலைமகன் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் கண்ணை மூடியது புதுச்சேரியில்தான். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர். அந்தப் பள்ளியை வளர்த்தெடுத்தவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. அவருடைய 'உச்சி வெயில்' குறுநாவலை வைத்து சேதுமாதவன் எடுத்த 'மறுபக்கம்' படம்தான் தமிழுக்கு முதன்முதலாகச் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையை வாங்கித் தந்தது.

அதே பள்ளியில் நாடகம் கற்பித்த பேராசிரியர் ஆர். ராஜு 2018-ல் ஒரு படத்தின் மையமாக நின்றார். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்'. இரவுக் காவலராக வேலை பார்க்கும் முதியவர் கருப்பசாமி விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுகிறார். மகன் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறான். அங்கே தலைக்கூத்தல் காத்திருக்கிறது. எண்ணெய் வைத்து, குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவர்களைச் சாகவைக்கும் அந்தக் கொடுமையைப் படம் குரலை உயர்த்தாமல் சொல்கிறது. தெரிந்த நட்சத்திரம் ஒருவர்கூட இல்லை. நாடகக்காரர்களும் ஊர்க்காரர்களும்தான். 66-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்வானது. 2020 பிப்ரவரியில் திரையரங்குக்கு வந்தபோது வெற்றிமாறன் துணை நின்றார். மிஷ்கின் தன் கையாலேயே சுவரொட்டி ஒட்டினார்.

இன்னொரு முகம் குமரன் வளவன். புதுச்சேரியில் இந்தியநாஸ்ட்ரம் நாடகக் குழுவை நடத்துபவர். கோவைக்காரரான அருண் கார்த்திக், திலீப்குமாரின் சிறுகதையை வைத்து எடுத்த 'நசீர்' படத்தில் துணிக்கடை விற்பனையாளர் நசீராக வாழ்ந்தார். நாள் முழுக்கப் புடவை எடுத்துக் காட்டும் கை, மனைவிக்கு மனத்துக்குள் எழுதும் கடிதம், டீக்கடை, வெயில் தாழ்ந்த தெரு என்று ஒரே ஒரு நாளின் கதை. அந்த நாள் கலவரக் கும்பலின் கையில் முடிகிறது. 2020-ல் ராட்டர்டாம் விழாவில் சிறந்த ஆசியப் படத்துக்கான நெட்பாக் விருது அதற்குக் கிடைத்தது.

இந்த இரண்டு படங்களிலும் முகத்துக்கு வெளிச்சம் தேடி அலையத் தேவைப்படவில்லை. பல ஆண்டு மேடைப் பயிற்சி அந்த முகங்களில் ஊறியிருந்தது. நம் கொம்யூன்களில் துரியோதனனும் திரௌபதியும் கட்டும் கலைஞர்கள் இருக்கிறார்கள். விடிய விடிய நின்று ஆடக்கூடியவர்கள். கேமரா முன்னால் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்று: இங்கே குரல் கடைசி வரிசை வரை எட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும்.

பதின்மூன்று கிலோமீட்டர்

கதைக்கு எங்கே போவது? மேலூர்ப் பக்கத்துக்காரரான பி.எஸ். வினோத்ராஜ் எங்கும் போகவில்லை. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அவருடைய அக்கா, கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்தார். அந்த நடையைத் தம்பி படமாக்கினார். அக்கா நடந்த வழியில் கணவனை நடக்கவைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். அதுதான் 'கூழாங்கல்'. குடிகார அப்பா, பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவரப்பட்ட மகன், அரிட்டாபட்டியின் பொட்டல், உச்சி வெயில். 75 நிமிடம்தான் படம்.

வினோத்ராஜ் திருப்பூரில் வேலை பார்த்தவர், சென்னையில் டிவிடி கடையில் நின்று உலகப் படங்களைப் பார்த்தவர், முருகபூபதியின் மணல் மகுடி நாடகக் குழுவில் பழகியவர். அப்பாவாக நடித்த கருத்தடையான் நாடகக் கலைஞர். மகனாக நடித்த செல்லப்பாண்டி அந்தப் பக்கத்துச் சிறுவன். 2021-ல் ராட்டர்டாம் விழாவின் ஐம்பதாவது ஆண்டில் புலி விருதை இந்தப் படம் வென்றது. தமிழில் வேறெந்தப் படமும் அதுவரை பெறாத விருது. அந்த ஆண்டு ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் இதுதான்.

அதில் ஒரு காட்சி. சிறுவன் தாகத்தை அடக்க ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து மாடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கூழாங்கற்கள். இந்த நடை இன்றைக்குப் புதிதாக நடந்தது இல்லை, எத்தனையோ தடவை நடந்திருக்கிறது என்பது ஒரு வசனம் இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது. இப்படி ஒரு காட்சிக்கு என்ன செலவாகும்? கல்லுக்குக் காசில்லை. ஆனால் அந்த மண்ணில் நடந்தவனுக்குத்தான் அந்தக் கல் கண்ணில் படும்.

நம் பக்கத்துக்கு வருவோம். பிள்ளையார்குப்பம் என்றால் புதுச்சேரிக்காரர்கள் 'எந்தப் பிள்ளையார்குப்பம்?' என்று கேட்பார்கள். வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணிக் கரையில் ஒன்று, அங்கே செல்லிப்பட்டுக்கு எதிரே பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணை. பாகூர்ப் பக்கம் கடலூர் சாலையில் இன்னொன்று, மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர். ஆறு ஓர் ஊருக்கு, நெடுஞ்சாலை ஓர் ஊருக்கு. ஒன்றில் தண்ணீர் வருவதும் வராததும் கதை. மற்றதில் விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கி, சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் வெளியூர் நோயாளிகள், அவர்களுக்கு டீ ஆற்றுபவர், வாடகைக்கு அறை விடுபவர் எல்லோரும் கதை. ஒரு மைல் சுற்றளவில் பத்துப் படம் கிடக்கிறது.

இன்னும் வேண்டுமானால் எழுத்தாளர் கி.ரா. தொகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இடைசெவல்காரரான அவர் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு இந்த வட்டாரத்தின் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். 2021-ல் மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். அவருடைய 'கிடை' குறுநாவலை அம்ஷன் குமார் 2003-ல் 'ஒருத்தி' என்று படமாக்கினார். 1936 ஜூலை 30-ல் இதே புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கதையும் இருக்கிறது.

மோட்டார் ஓடும்போது வசனம் பேசாதே

கையில் நல்ல கேமரா வந்துவிட்டது. 2008-க்குப் பிறகு வந்த ஸ்டில் கேமராக்கள் சினிமாத் தரத்தில் வீடியோ எடுக்கத் தொடங்கியபோதே பாதிக் கதவு திறந்தது. இப்போது கைபேசியே போதும் என்கிறார்கள். படம் தெரிவதில் பிரச்சினை இல்லை. சின்னக் குழுவின் படம் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது சத்தத்தில்தான்.

ஒரு நடவு வயலில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளும் காட்சி என்று வையுங்கள். வெளிச்சம் அருமை, தெர்மோகோல் அட்டையைப் பிடித்து முகத்தில் நிழலும் எடுத்தாயிற்று. நடுவில் கொட்டகையில் மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது. காது அதை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. மோட்டாரை நிறுத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை? அது அவர் பயிர், அவர் தண்ணீர். ஆகவே வயலில் காட்சி வைப்பவர்கள் முந்தின நாளே மோட்டார்க்காரரிடம் போய், 'அண்ணா, நாளைக்குக் காலையில எந்நேரம் தண்ணி பாய்ச்சுவீங்க?' என்று கேட்டுவிட வேண்டும். அவர் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் கால்ஷீட். ஆடி மாதம் என்றால் கோயில் ஒலிபெருக்கியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, ஒவ்வோர் இடத்திலும் காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிய வேண்டும். ஓடு வேய்ந்த வீட்டின் அமைதி வேறு, காங்கிரீட் வீட்டின் அமைதி வேறு. எடிட்டிங்கில் இரண்டு வெட்டுகளை ஒட்டும்போது இந்த ஒரு நிமிடம்தான் பசை. மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டுக் 'கிளம்பலாமா மச்சி' என்று அவசரப்படும் குழுவிடம் அந்தப் பசை இருக்காது.

வசனமே இல்லாமல் முதல் படத்தை எடுப்பது ஒரு நல்ல பயிற்சி. ஜப்பானில் கனேத்தோ ஷிண்டோ 1960-ல் எடுத்த 'நேக்கட் ஐலண்ட்' படத்தில் ஒரு குடும்பம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து தீவின் மேட்டுக்கு ஏறுகிறது. கிட்டத்தட்டப் பேச்சே இல்லை. கடனில் தத்தளித்த ஷிண்டோவின் நிறுவனம் சின்னக் குழுவை வைத்து எடுத்த அந்தப் படத்தால் கரை ஏறியது. அடுத்த ஆண்டு மாஸ்கோ விழாவின் பெரிய பரிசும் வந்தது.

சோறும் சான்றிதழும்

குழு என்றால் ஐந்தாறு பேர் போதும். இயக்கம், கேமரா, சத்தம், எடிட்டிங், நிர்வாகம். இதில் நிர்வாகத்தைப் பார்ப்பவர்தான் படத்தை முடிப்பவர். பேட்டா கொடுக்க முடியாத படத்தில் வேளைக்குச் சோறு கட்டாயம். பகல் ஒன்றரை மணிக்குச் சாப்பாடு வரவில்லை என்றால் நாலு மணிக் காட்சியில் ஒருவர் முகமும் சரியாக இருக்காது. யாராவது ஓர் அம்மா வீட்டில் உலை வைக்கிறார் என்றால், அவர் பெயரும் படத்தின் தொடக்கத்தில் வர வேண்டும்.

குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். லீனா மணிமேகலை 'செங்கடல்' படத்தைத் தனுஷ்கோடி மீனவ மக்களை நடிக்கவைத்து எடுத்தார். தணிக்கை வாரியம் சான்று மறுத்தது. தீர்ப்பாயத்துக்குப் போய்ப் போராடி, 2011-ல் வெட்டில்லாமல் வாங்கினார். அந்தத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று சான்று மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் படிதான் ஏற வேண்டும். கையில் காசில்லாத குழுவுக்கு இது பெரிய சுமை.

இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் தணிக்கைச் சான்று கேட்பதில்லை. திரையரங்குக்கும் பொதுத் திரையிடலுக்கும் வேண்டும். படத்தில் ஆடோ மாடோ நடித்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். எடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாரியம் ஒரு காலத்தில் சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானாவின் பல்லப்கரில். கிராமத்துக் கதை என்றால் ஆடு இல்லாமல் எப்படி? திரைக்கதை எழுதும்போதே இந்தக் கடிதத்தையும் எழுதிவிடுவது நல்லது.

எடுத்தது பாதி, காட்டுவது பாதி

நம் குழுக்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். படத்தை முடித்ததும் எல்லோரும் களைத்துவிடுகிறார்கள். விழாக்களுக்கு அனுப்பிவிட்டு அஞ்சலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செழியன் சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்த 'டூலெட்' 2017-க்கான தேசிய விருதை வாங்கியும், திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில்தான். 'கூழாங்கல்' திரையரங்கைத் தொடவே இல்லை. 2023 அக்டோபரில் நேராக ஓடிடியில் வந்தது. அரிட்டாபட்டிப் பொட்டலின் வெயில் பெரிய திரையில் எப்படி எரித்திருக்கும் என்பது தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குத் தெரியாமலே போயிற்று.

ஆகவே, படம் எடுக்க ஆள் சேர்ப்பதைப் போலவே படம் பார்க்கவும் ஆள் சேர்க்க வேண்டும். மதுரையில் ஆர்.பி. அமுதனின் 'மறுபக்கம்' அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறது. சென்னையில் தமிழ் ஸ்டுடியோ குறும்படங்களையும் சுயாதீனப் படங்களையும் திரையிட்டுப் பேசவைத்து ஒரு தலைமுறையைப் பழக்கியது. எடிட்டர் லெனின் பெயரில் விருதும் கொடுத்தது. புதுச்சேரியில் நவதர்சன் திரைப்படக் கழகமும் அலியான்ஸ் பிரான்சேஸும் அரசோடு சேர்ந்து இந்தியத் திரைப்பட விழா நடத்துகின்றன, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது தருகிறது அரசு. ஆனால் அந்த விழா நகரத்தில் நடக்கிறது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் அந்தப் படங்கள் வந்து சேர வேண்டாமா?

இதை அரசு வந்து செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கோயில் திடலிலோ பள்ளிக்கூடத்து மைதானத்திலோ ஒரு வெள்ளைத் துணி, ஒரு புரொஜெக்டர், இரண்டு ஒலிபெருக்கி. சான்றும் திரையிடும் அனுமதியும் உள்ள ஒரு நல்ல படம். முதல் மாதம் இருபது பேர் வருவார்கள், அதில் பன்னிரண்டு பேர் குழந்தைகள். ஆறாவது மாதம் ஒரு பாட்டி பாயோடு வருவார். படம் முடிந்ததும், 'இன்னாப்பா, நம்ம ஊரு கதைய யாரும் புடிக்க மாட்டாங்களா?' என்று கேட்பார். அந்தக் கேள்வி வரும்வரை பொறுமையாகப் படம் போட வேண்டும். ஒடேசா செய்தது இதைத்தான்.

அந்தக் கேள்வி வந்த அன்றைக்கு நோட்டை எடுக்கலாம். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள், சோற்றுக்கு எவ்வளவு, வாடகை லைட்டுக்கு எவ்வளவு என்று கூத்துக் கணக்கை வாசிப்பது போலத் திடலில் நின்று வாசிக்க வேண்டும். பணம் கொடுத்தவர் படத்தை மாற்றச் சொல்லக் கூடாது என்பதையும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். கூத்துக்கு வரி கொடுத்தவர் யாரும் துரியோதனன் ஜெயிக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

எதிர்ப்பு வரும். ஊருக்குள் இருக்கும் சாதிக் கோடுகள் தலைக்கட்டு நோட்டிலும் கோடு போட்டிருக்கின்றன, இது நமக்குத் தெரியாததில்லை. சில தெருக்களின் பெயர்கள் அந்த நோட்டில் ஏறியதே இல்லை. சினிமாவுக்காகத் திறக்கும் புதிய நோட்டு அந்தத் தெருக்களிலிருந்து தொடங்கட்டும். யாரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லையோ அவர்களிடம்தான் சொல்லப்படாத கதை இருக்கிறது.

தை அறுப்பு முடிந்தால் வயல்கள் காலியாக இருக்கும், மோட்டார்கள் கொஞ்சம் ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொதிக்காது. சின்னக் குழுவுக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. அதற்குள் ஒரு நோட்டு வாங்கி வையுங்கள், தம்பிகளே, தங்கைகளே. பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் உங்கள் பெயரையும் உங்களால் முடிந்த தொகையையும் எழுதுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.